வங்குரோத்து பற்றிய தப்பபிப்பிராயங்கள்

சட்டம் 'கடனிறுக்க வகையற்றவர்' என்று குறிப்பவரை எம்மவர் 'வங்குரோத்துக்காரர்' என்பர். அச்சொற் கேட்டவுடன் சிறைச்சாலையும் நடுத்தெருவுமே பலர்க்கு நினைவில் வருகின்றன. பழைய மாணவர் பலர் இங்கிலாந்திற் குடியேறி வாழ்தலின், அந்நாட்டுச் சட்டத்தைக் கொண்டே இவ்வெண்ணங்களை ஈண்டு ஆராய்வாம்.

கடன்பட்டமைக்காகச் சிறையிடும் வழக்கத்தை 1869ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. சொத்தை மறைப்பதே குற்றம், கடன்படுதல் குற்றமன்று. 2016 ஏப்பிரல் முதலாகக் கடனாளி தாமே விண்ணப்பிக்குமிடத்து நீதிமன்றுக்குச் செல்லவேண்டுவதுமில்லை. தீர்ப்பாளர் எனும் அலுவலர்க்கு இணையவழி விண்ணப்பித்தல் போதும். தொழிற் கருவிகளும் அவசியமான வீட்டுப் பொருள்களும் அவரிடமே விடப்படும். வீட்டில் அவர்க்குள்ள பங்கு மாத்திரம் நம்பிக்கைப் பொறுப்பாளர் கைக்குச் செல்லும்.

எம்மவரை மிகவும் இடருட்படுத்துவது வேறொன்று. முறிவு நெருங்குவதை உணர்ந்தவர், "அந்நியர் கடன் கிடக்கட்டும், அண்ணன் கடனை முதலில் அடைப்போம்" என்று கையிலுள்ளதைக் கொடுத்துவிடுகிறார். நன்றியுணர்வென்றே அவர் கருதுவார். சட்டமோ அதனை ஒருவர்க்குக் காட்டிய முற்சலுகையெனக் கொள்ளும். கடனிறுக்க இயலாதிருந்த காலத்தில் உறவினர்க்கு இவ்வாறு கொடுத்த பணத்தை, விண்ணப்பத்துக்கு முந்திய இரண்டாண்டு வரை நோக்கி மீட்கலாம். அண்ணன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து, மற்றைய கடன்கொடுத்தோருடன் வரிசையில் நிற்கவேண்டிவரும். மனைவி பெயருக்கு வீட்டை இனாமாக எழுதுதலும் இத்தகையதே. அங்கே ஐந்தாண்டு வரை ஆராயப்படலாம்.

கணவர் முறிந்தால் மனைவியும் முறிந்தவரே என்பதும் பிழை. இருவருங் கூட்டாகப் பட்ட கடனே அவரைச் சாரும். ஆனாற் பிணைநின்றவர்க்கு விடுதலையில்லை. கடனாளி பொதுவாக ஓராண்டில் விடுவிக்கப்பட்ட பின்னரும் பிணையாளி இறுக்கவேண்டியவரே. நட்புக்காகக் கையொப்பமிடுவோர் இதனை அறிந்திடுவார்களோ என்பது எமக்கு ஐயமே.

எல்லாக் கடனும் அழிந்துவிடும் என்று மகிழ்வாருமுளர். நீதிமன்றத் தண்டப்பணம், பிள்ளைகளின் பராமரிப்புப் பணம், மாணவர் கடன், மோசடியாற் பட்ட கடன் ஆகியன அழியா. வருமானத்தில் மிச்சமிருப்பின் மூன்றாண்டுவரை ஒரு பகுதி செலுத்தவும் நேரும்.

விண்ணப்பிக்க 680 பவுண் வேண்டும் என்று கேட்டுப் பின்னிடும் ஏழைகட்கு வேறு வழியும் உண்டு. சொந்த வீடின்றி, சிறிதளவு சொத்தும் வருமானமும் உடையோர்க்குக் 'கடன் நிவாரண ஆணை' 2009இல் ஏற்படுத்தப்பட்டது. அதற்குரிய கட்டணம் 2024 ஏப்பிரலில் நீக்கப்பட்டுவிட்டது.