பழ ஈக்களோடு பழக வந்திருக்கும் உனக்கு

கண்ணு, ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சொல்லும் செய்தியை மரபணுக்கள் எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன என்று அறிய வந்திருக்கிறாய். கைவேலையைப் பலரும் கற்றுத் தருவார்கள். இங்கே நிலைக்க வேண்டிய குணத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

1. தனிமையிலும் நேர்மையாய் இரு. 25 டிகிரியில், கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈயை ஆண் ஈக்களிடமிருந்து பிரித்துவிடு. ஒருமுறை கூடிவிட்டால் ஆணின் விந்தைப் பல நாள் சேமித்து வைத்திருக்கும். நேரம் தப்பியதோ என்று ஐயம் வந்தால் கலப்பில் சேர்க்காதே. அந்த ஐயம் உனக்கு மட்டுமே தெரியும். ஆனால் முடிவு முழுவதும் அதன்மேல்தான் நிற்கும்.

2. அளவறிந்து பேசு. பெண் ஈயின் நாட்ச் மரபணுப் படிகள் இரண்டில் ஒன்று பழுதானாலே இறக்கை ஓரத்தில் வெட்டு விழும். மனிதரில் அதே நாட்ச் ஓயாமல் இயங்கினால் ஒருவகை ரத்தப் புற்றுநோய் வரக்கூடும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. நீ எழுதும் முடிவுக்கும் அந்த விதிதான்.

3. பொருந்தாததை ஒதுக்காதே. ஆர். பி. சர்மா 1973-இல் விவரித்த, விங்லெஸ் என்ற மரபணு பழுதான ஈக்களில் சிலவற்றுக்கு இறக்கையே இல்லை. சிலவற்றுக்கு ஒன்று மட்டும். சிலவோ குறையின்றி இருந்தன. எல்லாவற்றையும் எண்ணி எழுது. எலியின் மார்பகப் புற்றோடு தொடர்புடைய ஒரு மரபணுவுக்கு இணையானது இந்த விங்லெஸ் மரபணுவே என்று 1987-இல் தெரிந்தது. இவ்விரு மரபணுக்களையும் சேர்த்துப் பெயர் பெற்ற வின்ட் செய்திப் பாதை இன்று பெரிய துறை.

4. சிறியதையும் குறித்து வை. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு ஜனவரியில் மெலிதாய்த் தெரிந்த விளைவு மே மாதத்தில் ஓங்கி நின்றது. மரபணு மாறவில்லை, அறையின் வெப்பம் மாறியிருந்தது. ஈயில் மரபணுவை இயக்க நாம் பயன்படுத்தும் கால்4 (GAL4) தூண்டி 18 டிகிரியில் அடங்கியும் 29 டிகிரியில் ஓங்கியும் வேலை செய்யும். அவள் நாள்தோறும் வெப்பநிலையை எழுதியிருந்தாள், காரணம் பிடிபட்டது. எழுதாத உண்மை ஏட்டுக்கு உதவாது.

5. கேட்டவருக்குக் கொடு. 1910-இல் மரபியலாளர் மார்கன் கண்ட வெள்ளைக்கண் ஈயின் வம்சம் இன்றும் ஆய்வகங்களில் வளர்கிறது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்த வழக்கம்தான் இந்தத் துறையை வளர்த்தது. உன் ஈயை யாரேனும் கேட்டால், கட்டுரை வரட்டும் என்று காக்க வைக்காதே. அனுப்பு, அதன் குறைகளையும் மறைக்காமல் எழுதி அனுப்பு.