இரத்தம் உறையுமா? முன்பே அறிவோம்!

விரலில் காயம் பட்டால் இரத்தம் உறைந்து நின்றுவிடுகிறது. இது இறைவன் நமக்களித்த பாதுகாப்பு. ஆனால் காலின் சிரைக்குள்ளேயே இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அறுவைச் சிகிச்சைக்குப் பின் இந்த ஆபத்து மிகுதி.

காரணம் என்ன? இரத்த ஓட்டம் மந்தமாதல், இரத்தக்குழாய்ச் சுவர் காயமடைதல், உறையும் தன்மை கூடுதல் ஆகிய மூன்றும் ஆகும். இதனை 1856-ல் ஆராய்ந்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோவின் பெயராலேயே இவை இன்றும் வழங்குகின்றன.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணக்கிட, அமெரிக்க மருத்துவர் காப்ரினி 1991-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். தேர்வில் மதிப்பெண் கூடினால் மகிழ்கிறோம். இதில் கூடினால் கவலைப்பட வேண்டும்! நாமக்கல்லில் 64 வயதுப் பாட்டி ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாகக் கொள்வோம். வயதுக்கு 2, எலும்பு முறிவுக்கு 5, கால் நரம்புச் சுருட்டலுக்கு 1. இவை மட்டுமே 8. ஐந்தும் அதற்கு மேலும் பெற்றால் ஆபத்து அதிகம் என்று பொருள். அப்போது மருத்துவர், இரத்தக்கசிவு அபாயத்தையும் எண்ணிப் பார்த்து, ஹெப்பாரின் ஊசி போடுவார். இறுக்கமான காலுறையும் அணிவிக்கலாம்.

குடும்பத்தில் எவருக்கேனும் முன்பு இவ்வாறு உறைந்திருந்தால் அதற்கு 3 மதிப்பெண். நாம் மறைத்தால் கணக்கே தவறிவிடும்! சாப்பிடும் மாத்திரைகளையும் கூறிவிடுவோம்.

"அசையாதே, தையல் பிரிந்துவிடும்" என்று நோயாளியைப் படுக்கவே வைப்பது நம் வீட்டு வழக்கம். மருத்துவர் அனுமதித்தவுடன் கைபிடித்து நடக்க வைப்போம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு விரைவோம். அன்புடன் அறிவும் சேர்ந்ததே உண்மையான பணிவிடை.