விளிம்பைக் காட்டச் சொல்லுங்கோ

தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் ஊரே அண்ணாந்து பட்டம் பார்த்துக்கொண்டு நிற்க, கனடாவிலிருந்து வந்திருந்த என் பெறாமகன் மட்டும் குனிந்து கைபேசியில் ஏலம் பார்த்துக்கொண்டு நின்றான். "சித்தப்பா, சேதுக் காசு ஒண்டு போகுது. எடுக்கட்டோ?" கறுப்புத் துணியில் கிடந்த அந்தச் செப்புக் காசு, நேற்றுப் புளி போட்டு விளக்கிய குத்துவிளக்குப் போல மின்னியது. நானூறு ஐந்நூறு வருசம் மண்ணுக்குள் கிடந்த செம்பு அப்படி மின்னாது. வேண்டாமென்றேன். அவன் எடுத்துவிட்டான்.

அவனைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடையையும் விட்டத்தையும் கேளுங்கள். பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாய் 11.66 கிராம். 1957இல் வந்த புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் வெள்ளி, 28.28 கிராம். பவுண் 7.98 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், கூடாது. சொல்லமாட்டேன் என்பவரோடு மினக்கெட வேண்டாம்.

அடுத்தது நிறம். எங்கள் வீடுகளில் பழைய செம்பைக் கண்டால் கை சும்மா இராது. தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுவோம். தேய்த்த செம்பு ஒரேயடியாக இளஞ்சிவப்பாக இருக்கும், பள்ளத்தில்கூடக் கறுப்பு இராது. பச்சைக் களிம்பு ஒட்டி இறுகியிருந்தால் நல்லது. மாவு போல வெளிர்பச்சையாய்ப் பொருமியிருந்தால் அது காசைத் தின்றுகொண்டிருக்கும் நோய். வெள்ளியைத் தேய்த்திருக்கிறார்களா என்று படத்தை வைத்துச் சொல்வது கடினம். அச்சிலிருந்து வந்தபடி இருக்கும் வெள்ளியைச் சாய்த்தால், ஒளி வண்டிச் சில்லின் ஆரக்கால் போலச் சுழன்று ஓடும். பொலிஷ் போட்டதில் ஓடாது, சும்மா மினுங்கும். நின்ற படத்தில் இரண்டும் ஒன்றுதான். காசைச் சாய்த்துச் சாய்த்து எடுத்த பத்து வினாடி வீடியோ கேளுங்கள். நான் அது இல்லாமல் வெள்ளி வாங்குவதில்லை.

ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் விளிம்பு. காசின் முகத்தை நாலு கோணத்தில் காட்டுவார்கள், விளிம்பைக் காட்டமாட்டார்கள். காசைச் சுற்றி வட்டமாக வெட்டி வெள்ளைப் பின்னணியில் ஒட்டிய படம் இன்னும் மோசம். வெட்டும்போது விளிம்பும் போய்விடும்.

அங்கே என்ன பார்ப்பது? எங்கள் பக்கத்தில் தாலிக்கொடியில் பவுண் கோர்ப்பது வழக்கம். வெள்ளி ரூபாயையும் வளையம் ஒட்டிப் பதக்கமாக்கியிருக்கிறார்கள். பிறகு விற்கும்போது வளையத்தைக் கழற்றி, ஒட்டிய இடத்தை அராவிவிடுவார்கள். ஆகவே தலைக்கு நேர் மேலே, மணிக்கூட்டில் பன்னிரண்டு நிற்கும் இடத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். விளிம்பின் வரிகள் அங்கே மட்டும் மழுங்கியிருக்கிறதா? அந்த இடத்து எழுத்து மட்டும் மெலிந்திருக்கிறதா? பக்கத்தில் ஈயம் உருகியது போல ஒரு திட்டு? ஒன்று இருந்தாலும் அதற்குப் பொன்விலை, வெள்ளிவிலைதான். சேகரிப்பாளர் விலை இல்லை. வார்ப்புப் போலியும் விளிம்பில்தான் பிடிபடும். இரண்டு அச்சும் சேர்ந்த கோடு சுற்றிவர ஓடும், அல்லது அந்தக் கோட்டை மறைக்க அரம் போட்ட கீறல் குறுக்கே நிற்கும்.

சேதுக் காசுக்கு எடை அவ்வளவு உதவாது, ஒன்றுக்கொன்று மாறும். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் அந்தக் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் படுத்த நந்தி, கீழே 'சேது' என்ற எழுத்து. எழுத்து வடிவைப் பார்த்து ஏமாறாதீர்கள், போலி செய்பவனுக்கும் தமிழ் தெரியும். என் குறுக்குவழி வேறு. கையால் அடித்த காசு ஒன்றைப் போல் ஒன்று இராது. ஒன்றில் நந்தியின் வால் வெளியே போயிருக்கும், ஒன்றில் எழுத்துப் பாதிதான் விழுந்திருக்கும். அதே ஆளின் பழைய விற்பனைகளைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். இரண்டு காசிலும் அதே இடத்தில் அதே குழி, அதே சரிவு என்றால், இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்த பிள்ளைகள். ஐந்து நிமிட வேலை. ஏனோ ஒருவரும் செய்வதில்லை.

விற்பவர் இலங்கையில் இருந்தால் இன்னொன்று: 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. சேதுக் காசும் ஒல்லாந்தர் காசும் அதற்குள் அடங்கும். "சாதாரண கடித உறையில் அனுப்பிவிடுகிறேன்" என்பவரிடம் அசல் காசாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பெறாமகனின் காசு மாசியில் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. விளிம்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். சுற்றிவர அரம் போட்ட கீறல். இப்போது அதில் ஓட்டை போட்டுத் திறப்புக் கோர்வையில் மாட்டியிருக்கிறான்.