பிழை எந்தச் செல்லில் விழுந்தது?

அன்புள்ள கயல்,

உடம்பில் ஏற்படும் சடுதி மாற்றமெல்லாம் பிள்ளைக்கும் போய்ச் சேருமா என்று கேட்டிருந்தாய். பாடப்புத்தகத்தில் சடுதி மாற்றம் ஒரு பாடம், இனப்பெருக்கம் வேறொரு பாடம். அதனால் எழுகிற சந்தேகம்தான் இது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாற்றம் நடந்த செல்லிலிருந்து அடுத்த தலைமுறை பிறக்குமா?

ஒரு செல் பிரியும் முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்துக்கொள்கிறது. மனிதச் செல்லில் அது சுமார் 600 கோடி எழுத்து. இத்தனையையும் எழுதும்போது எங்காவது ஓர் எழுத்து மாறிவிடும். பிழை திருத்தும் புரதங்கள் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடும். அவற்றிடமிருந்து தப்பியது நிலைத்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிரால் தோல் செல்லில் விழும் பிழை அந்தத் தோலோடு நிற்கும். புற்றாகக்கூட மாறலாம், ஆனால் பிள்ளைக்குப் போகாது. மனிதர்களில் விந்தையும் முட்டையையும் தரப்போகும் செல்கள், நாம் கருவாக இருக்கும்போதே தனியாகப் பிரிந்துவிடுகின்றன. அந்த வரிசையில் விழும் பிழைக்கு மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போக வழி உண்டு.

அங்கேயும் பிழைகள் குறைவில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும், பெற்றோரின் உடலில் இல்லாத புது மாற்றங்கள் சராசரியாக 60, 70 இருக்கும். பெரும்பாலானவை நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. இவற்றில் பெரும்பங்கு அப்பா வழியாக வருகிறது. விந்தைத் தரும் செல்கள் வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருப்பதால் வயது ஏற ஏறப் பிழையும் சேர்கிறது.

இதற்கு வரலாற்றிலேயே பேர்போன உதாரணம் விக்டோரியா மகாராணி. 1819-இல் அவர் பிறந்தபோது அவருடைய தந்தைக்கு 51 வயது. குடும்பத்தில் அதுவரை யாருக்கும், ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபிலியா இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் விக்டோரியாவின் மகன் லியோபோல்டுக்கு இருந்தது. கீழே விழுந்து அடிபட்டு 1884-இல், 30 வயதில் இறந்துபோனார். விக்டோரியாவுடைய தந்தையின் விந்துச் செல்லில் நேர்ந்த புது மாற்றமாகவே இது இருக்கலாம் என்பது பலரின் கணிப்பு. இந்த நோயில் பழுதாகும், ரத்தம் உறைய உதவும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அது பழுதானால் நோய் வந்துவிடும். விக்டோரியாவின் மகள் ஆலிஸ், அவருடைய மகள் அலெக்சாண்ட்ரா என்று அந்தப் பழுது வெளியே தெரியாமலே இறங்கி வந்து, ரஷ்ய இளவரசன் அலெக்ஸியிடம் வெளிப்பட்டது. எந்த வகை ஹீமோஃபிலியா என்பது 2009-இல்தான், அந்தக் குடும்பத்தின் எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ. மூலம் உறுதியானது: பி வகை.

இதில் நீ கவனிக்க வேண்டியவர் ஏழாம் எட்வர்ட். அவரும் விக்டோரியாவின் மகன்தான், ஆனால் பழுதில்லாத எக்ஸ் அவருக்குக் கிடைத்தது. அதனால் அவர் வழிவந்த இன்றைய பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு அந்த நோய் வரவில்லை. விந்தும் முட்டையும் உருவாகும் குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் இணை இணையாகப் பிரிவதால், தாயிடம் உள்ள ஒரு பிழை ஒவ்வொரு பிள்ளைக்கும் போவதற்குப் பாதி வாய்ப்பு, போகாமலிருக்கவும் பாதி வாய்ப்பு. பாலினப் பெருக்கத்தில் பிழை கைமாறலாம், வழியிலேயே கழன்றும் போகலாம்.

இனி, பாலிலா இனப்பெருக்கத்தில் பெருகும் வாழைக்கு வருவோம். ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார். நடுவில் தெரியும் சின்னக் கரும்புள்ளிகள் விதையாகாமல் நின்றுபோன சூல்கள். நாம் சாப்பிடும் வாழைகளில் பலவற்றுக்குக் குரோமோசோம் தொகுதி மூன்று, மொத்தம் 33. மூன்றை இரண்டாகச் சமமாய்ப் பங்கிட முடியாததால் விதை உருவாவதில்லை. கிழங்கிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறோம். கன்று தாயின் உடல் செல்களிலிருந்து முளைத்தது. அதாவது தாயின் படி.

அதனால், தோல் செல்லுக்குச் சொன்ன விதி வாழைக்குச் செல்லாது. கன்றின் குருத்துமுனைச் செல்லில் மாற்றம் விழுந்தால், அது விந்தும் முட்டையும் இல்லாமலே அடுத்த தலைமுறைக்குப் போகும். செவ்வாழைத் தோட்டத்தில் எப்போதாவது தண்டும் தாரும் பச்சையாகவே ஒரு மரம் நிற்பதைப் பார்க்கலாம். சிவப்பு நிறம் போய்விட்ட சடுதி மாற்றம் அது. அதன் கன்றை நட்டால் அதுவும் பச்சையாக வரும். விதை போட்டு வளரும் செடிகளிலும் இதில் பாதி உண்மை உண்டு: கிளையில் விழுந்த மாற்றம் அந்தக் கிளையின் பூ வழியாக விதைக்குப் போக முடியும். செடிகளில் இனச்செல் வரிசை அவ்வளவு சீக்கிரம் தனியாகப் பிரிவதில்லை.

இப்போது இரண்டு வகை இனப்பெருக்கத்தையும் எடை போடலாம். பாலிலா இனப்பெருக்கத்தில் நல்ல மாற்றம் ஒன்று கிடைத்தால் கலப்பில்லாமல் அப்படியே நிற்கும். விவசாயிக்கு அது லாபம். ஆனால் சொத்தோடு கடனையும் சேர்த்து எழுதி வைத்ததுபோல, கெட்ட பிழைகளும் கூடவே வரும், கழற்றிவிட வழியில்லை. இப்படிப் பிழைகள் ஏறிக்கொண்டே போகும், இறங்காது என்பதை 1964-இல் எடுத்துச் சொன்னவர் ஹெர்மன் முல்லர். எக்ஸ் கதிர் சடுதி மாற்றத்தை உண்டாக்கும் என்று காட்டி 1946-இல் நோபல் பெற்றவரும் அவரே. இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லாம் ஒரே படி என்பதால் ஒரு நோய் எல்லாவற்றையும் வீழ்த்திவிடும். ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் வாழையைப் பனாமா வாடல் நோய் 1950-களில் ஓரங்கட்டியது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் வாழையை இப்போது அதே பூஞ்சையின் புது வகை தாக்குகிறது. 2019-இல் அது கொலம்பியாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

படித்தது புரிந்ததா என்று பார்க்க உனக்கு ஒரு கணக்கு. லியோபோல்டுக்கு ஒரு மகள், ஒரு மகன். அவருடைய மனைவிக்கு அந்தப் பிழை இல்லை. பிள்ளைகளில் யாரிடம் பிழை போயிருக்கும், யாரிடம் போயிருக்கவே முடியாது? அப்பா எந்தப் பிள்ளைக்கு எக்ஸ் தருகிறார், யாருக்கு ஒய் தருகிறார் என்று யோசி. வம்சாவளிப் படமாகப் போட்டு, காரணத்தையும் கீழே எழுதி அடுத்த கடிதத்தோடு அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை