ஸ்போக்கின் மூளையும் அம்பத்தூர் பம்ப் ஹவுஸும்

இந்த மாசப் பாடம் பகடி எழுதுவது. அதிலும் ஒரு தனி வகை: எல்லாரும் மொக்கைன்னு ஒதுக்கின ஒரு கதையை எடுத்து, 'இல்லைங்க, இது காவியம்' என்று முகத்தைச் சீரியஸா வச்சுக்கிட்டு நிரூபிப்பது. சும்மா கலாய்க்கிறது நமக்குக் கைவந்த கலை. பாதி ஹாஸ்டல் யூடியூப்ல 'லொள்ளு சபா' பார்த்தே செமஸ்டரைக் கடத்துது. தூக்கி வச்சுக் கலாய்க்கிறது வேற வித்தை.

இதுக்கு ஒரு தாத்தா உண்டு. 1911ல் ரொனால்ட் நாக்ஸ் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை படித்தார். பைபிளை ஆராய்கிற பண்டிதர்கள் பயன்படுத்தும் அதே முறையில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை அலசினார். கிண்டல் பண்டிதர்கள் மேலதான். ஆனா ஹோம்ஸ் ரசிகர்கள் அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் விளையாடுறாங்க.

நம்ம சாம்பிள், 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வந்த 'ஸ்போக்ஸ் பிரெய்ன்'. 1968 செப்டம்பர் 20 அன்று என்பிசியில் வந்தது, மூணாவது சீசனின் முதல் எபிசோட். அந்தத் தொடரின் மோசமான எபிசோட் எதுன்னு கேட்டா ரசிகர்கள் யோசிக்காம கை நீட்டுறது இதைத்தான்.

கதையைக் கேளுங்க. ஒரு பெண் கப்பலுக்குள்ள திடீர்னு தோன்றி, கையில் இருக்கிற பட்டனை அழுத்தி எல்லாரையும் மயங்க வைக்கிறாள். முழிச்சுப் பார்த்தா ஸ்போக்கின் மூளையைக் காணோம். உடம்பு 24 மணி நேரம்தான் தாங்கும். டாக்டர் மெக்காய் மூளையில்லாத ஸ்போக்கை ரிமோட் வச்சு நடக்க விட்டுக் கூட்டிக்கிட்டுப் போறார் (ஆமாம், ரிமோட்). போய்ச் சேர்ற கிரகத்தில் மேலே பனியில் ஆண்கள், தரைக்கு அடியில் பெண்கள். கீழே இருக்கிற நகரத்துக்குக் காற்று, சூடு, தண்ணீர் எல்லாத்தையும் ஓட்டுகிற 'கன்ட்ரோலர்' வேலைக்குத்தான் மூளை திருட்டு. பழைய கன்ட்ரோலருக்கு ஆயுசு முடியப் போகுது. புது மூளை இன்னும் 10,000 வருஷம் ஓடணும்.

தொடருக்கு அப்போ நேரமும் சரியில்லை. ரசிகர்கள் கடிதம் எழுதிக் காப்பாத்தின தொடரைச் சேனல்காரங்க வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குத் தள்ளிட்டாங்க. உருவாக்கின ஜீன் ராடன்பெரி ஒதுங்கிட்டார். எழுதின ஜீன் கூன் சொந்தப் பெயரைக்கூடப் போடலை, 'லீ க்ரோனின்'னு போட்டுக்கிட்டார். இதெல்லாம் பகடிக்குத் தேவையில்லை. 'பட்ஜெட் இல்லை, பாவம்' என்று சாக்குச் சொன்னா அது வக்காலத்து ஆயிடும், பகடி செத்துடும்.

அதனால கதையில் இருக்கிற அபத்தத்தை அப்படியே உண்மைன்னு வச்சுக்கிட்டு, நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வடிவத்தில் போடுங்க. நமக்கு ரெக்கார்டு நோட்டை விட்டா வேற என்ன தெரியும்? நான் எழுதினதில் கொஞ்சம்:

"நோக்கம்: ஒரே ஒரு மூளையைக் கொண்டு ஒரு நகரத்தை 10,000 வருடம் இயக்குதல். தேவையான உபகரணங்கள்: மூளை 1 (பச்சை ரத்தம் ஓடியதாக இருத்தல் நலம்), ரிமோட் 1, ஹெல்மெட் 1. முன்னெச்சரிக்கை: மூளையிடம் அனுமதி கேட்கக் கூடாது."

அந்த ஹெல்மெட்டைக் கவனிங்க. அதுக்குப் பேர் 'டீச்சர்'. தலையில் மாட்டினா மூளை அறுவை சிகிச்சையே தெரிஞ்சிடும், ஆனா சுமார் மூணு மணி நேரத்தில் எல்லாம் மறந்துடும். 1968லேயே நம்ம செமஸ்டர் பரீட்சையை யாரோ கண்டுபிடிச்சிருக்காங்க. இதை வச்சு ரெண்டு பக்கம் எழுதினேன், கஷ்டமே இல்லை.

அடுத்து, இந்தக் கதை தமிழிலிருந்து சுட்டதுன்னு ஒரு பொய் ஆராய்ச்சி. 1963ல் ஏ. காசிலிங்கம் இயக்கின 'கலை அரசி'யில், அறிவியல் முத்தி இசை வராம போன ஒரு கிரகத்துக்காரங்க பூமிக்கு வந்து பானுமதியைக் கடத்திட்டுப் போறாங்க. மீட்கப் போறது எம்ஜிஆர். ஐந்து வருஷம் முந்தியது, ஆகவே ஆதாரம் போதும்! ஜாலியாத்தான் எழுதினேன். ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சதும் ஒண்ணு உறுத்துச்சு. பானுமதியைக் கடத்தினது பாட்டுக் கத்துக்க. ஸ்போக்கைக் கடத்தினது வேலை வாங்க மட்டும். கீழே இருக்கிறவங்க யாருக்கும் அந்த மெஷின் எப்படி ஓடுதுன்னு தெரியாது, தெரிஞ்சுக்கவும் ஆசை இல்லை.

எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பம்ப், கம்ப்ரஸர் பார்த்துக்கிட்டவர். பிஎல்சி பேனல் வந்த வருஷம் வேலை போச்சு. ஆனா போன் நிக்கலை. ராத்திரி பதினோரு மணிக்கு அங்கிருந்து ஒரு பையன் கூப்பிடுவான்: "அண்ணே, கூலிங் வாட்டர் பிரஷர் ஏறவே மாட்டேங்குது." அப்பா படுத்துக்கிட்டே சொல்வார், "போனைப் பம்ப் கிட்ட வை தம்பி." கொஞ்ச நேரம் கேட்பார். "ஜல்லி கொட்டற மாதிரி இருக்கா? சக்ஷன் ஸ்ட்ரெய்னர் அடைச்சிருக்கு. கழட்டிக் கழுவு." அதுக்குப் பேர் கேவிட்டேஷன். எனக்கு அது மூணாவது செமஸ்டரில் ரெண்டு மார்க் கேள்வி. எழுதினேன், ஹெல்மெட்டைக் கழட்டினேன், மறந்துட்டேன்.

அந்த எபிசோடில் மூளை மட்டும் இருக்கிற ஸ்போக், பம்ப் ஓட்டிக்கிட்டே நிதானமா, மரியாதையாப் பேசுவார். முதல் தடவை பார்த்தப்போ அதுக்குத்தான் அதிகம் சிரிச்சேன்.

பகடியை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரிமோட்டுக்குச் சிரிச்சார். அப்புறம், "மூளையைத் திருப்பி எடுத்துட்டாங்கன்னா கீழ இருக்கிற லேடீஸுக்குச் சூடு யார் குடுப்பா?" என்றார். மேலே போய் ஆண்களோட சேர்ந்து வாழக் கத்துக்கச் சொல்லிட்டுக் கப்பல் கிளம்பிடும்னு சொன்னேன். "அது சரியில்லையே. யாராவது ஒருத்திக்கு வால்வு எங்கெங்க இருக்குன்னு காட்டிட்டுப் போயிருக்கலாம்."

ஐம்பது வருஷத்துக்கும் மேலா இந்தக் கதையைத் திட்டினவங்க ரிமோட்டைத் திட்டினாங்க, டயலாக்கைத் திட்டினாங்க. நானும் அதைத்தான் பண்ணேன். அப்பா கேட்டதை வச்சு முடிவுப் பகுதியைக் கிழிச்சுட்டுத் திரும்ப எழுதினேன். புது முடிவில் ஸ்போக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வாரம் லீவு போட்டு, அந்தப் பெண்களுக்கு ஸ்ட்ரெய்னர் கழட்டச் சொல்லித்தர்றார். யாரும் கழட்ட மாட்டேங்கிறாங்க, கை அழுக்காகுமாம். காமெடியாத்தான் இருக்கு, ஆனா படிச்ச ரெண்டு பேர் நடுவுல சிரிப்பை நிறுத்திட்டாங்க. அந்த இடத்தைத் தொடாம விட்டுட்டேன். நீங்களும் எழுதும்போது அப்படி ஒரு இடம் வந்தா ஜோக் போட்டு மூடாதீங்க.

போன வாரம் போன் வந்தப்போ "காசு கேளுங்கப்பா"ன்னு சொன்னேன். கேட்கலை. அதுக்குப் பதிலா என்னைக் கூப்பிட்டு, ரெக்கார்டு நோட்டின் மீதிப் பக்கங்களில் வால்வு நம்பர் எல்லாம் எழுதச் சொன்னார். இதுவரைக்கும் ஏழு பக்கம்.

உங்க பயிற்சி: ஒரு மொக்கைக் கதை, ஒரு நோட்டு வடிவம், மூணு பக்கத்துக்குள்ள. 'கலை அரசி'யை யாராவது எடுத்தா எனக்குச் சந்தோஷம்.