புரிந்தால் மட்டும் போதாது, கயல்

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுகிறேன். மத்ரித்தில் வீடு கிடைத்துவிட்டது என்று நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். ரொம்ப சந்தோஷம். பார்க்கப் போனபோது துணைக்கு யாராவது வந்தார்களா, தனியாகத்தான் போனாயா? அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாய்.

வீட்டுக்காரரிடம் பேசியதை அப்படியே ஸ்பானிஷில் சொல்லிக் காட்டினாய். அதில் மூன்றாவது மாடியை 'தெர்செரோ பீசோ' என்றாய். முதலாவது என்கிற ப்ரிமேரோவும் மூன்றாவது என்கிற தெர்செரோவும் ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் வந்தால் கடைசி ஓசையை விட்டுவிடும். ப்ரிமேர் தியா, தெர்செர் பீசோ. நடுவில் இன்னொரு சொல் புகுந்தாலும் அப்படித்தான்: ப்ரிமேர் கிரான் அமோர். பெண்பாலில் எதுவும் குறையாது: ப்ரிமேரா வேஸ், தெர்செரா பிளாந்தா. செகுந்தோ (இரண்டாவது), குவார்தோ (நான்காவது) முதலானவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆண்பால் பெண்பால், ஒருமை பன்மை மட்டும் பார்த்துக்கொண்டால் சரி.

ஒப்பந்தத்தில் எந்த மாடி என்று எழுதியிருக்கிறது? ஸ்பெயினில் தரைத்தளம் பிளாந்தா பாஹா. அதற்கு மேலேதான் ப்ரிமேர் பீசோ. சிலியிலும் கொலம்பியாவிலும் தரைத்தளமே ப்ரிமேர் பீசோ. உன்னோடு தங்கப்போகிற பெண் கொலம்பியாக்காரி என்றாயே, இருவரும் ஒரே மாடியைத்தான் சொல்கிறீர்களா என்று பார்த்துக்கொள்.

அலுவலகம் 'தோசேயாவோ' மாடியில் என்றும் சொன்னாய். அது பன்னிரண்டில் ஒரு பங்கு, கண்ணே. ஒக்தாவோ என்பது எட்டாவதும் ஆகும், எட்டில் ஒரு பங்கும் ஆகும். அதன் சாயலில் மற்ற எண்களிலும் 'ஆவோ' ஒட்டத் தோன்றும். பதினொன்றாவதுக்கு உந்தேசிமோ, பன்னிரண்டாவதுக்கு துவோதேசிமோ. தேசிமோப்ரிமேரோ, தேசிமோசெகுந்தோ என்றாலும் இன்று சரிதான். ஸ்பானியர்களே தோசேயாவோ என்கிறார்களே என்பாய். சொல்கிறார்கள்தான். 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் ராயல் அகாதெமி அதை ஏற்கவில்லை.

இத்தனையையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பத்து வரை உறுதியாக இருக்கட்டும். அதற்கு மேல் பேச்சில் சாதாரண எண்ணைப் பெயருக்குப் பின்னால் போட்டால் போதும்: பீசோ தோசே (மாடி பன்னிரண்டு). அரசர்களுக்கும் அதே வழக்கம். இப்போதைய அரசர் ஃபெலிப்பே செக்ஸ்தோ (ஆறாவது), பழைய அறிஞர் அரசர் அல்ஃபோன்சோ தேசிமோ (பத்தாவது). ஆனால் 1931-இல் நாட்டைவிட்டுப் போனவர் அல்ஃபோன்சோ த்ரேசே (பதின்மூன்று). தேதிகளில் மாதத்தின் முதல் நாளுக்கு மட்டும் லத்தீன் அமெரிக்காவில் ப்ரிமேரோ. ஸ்பெயினில் பெரும்பாலும் ஊனோ (ஒன்று). மற்ற நாட்களுக்கு எங்கேயும் சாதாரண எண்தான்.

"புரிஞ்சா போதும் மாமா" என்று சிரிப்பாய். இதே வார்த்தையைத்தான் பிரெஞ்சு வகுப்பைப் பாதியில் விட்டபோது உன் அம்மாவும் சொன்னாள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவள் விண்ணப்பித்த புதுச்சேரி வேலை கடைசியில் யாருக்குப் போனது என்று உனக்கே தெரியும். அவளுக்கு அறிவு குறைவா? எழுதினால் நாலு வரியில் நாலு பிழை, அவ்வளவுதான். கடையில் காய் வாங்கப் புரிந்தால் போதும். ஒப்பந்தத்தில், விண்ணப்பத்தில், நேர்முகத்தில் போதாது. அந்நிய ஊரில் தனியாக நிற்கிற பெண்ணை யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது என்பதுதான் என் கவலை எல்லாம்.

ஸ்பானிஷ் மொழிக்கான தெலே தேர்வுக்குப் பணம் கட்டுவதா, வேலைக்கு நடுவே பேசிப் பேசியே கற்றுக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் நல்ல வழிதான், முடிவு உன்னுடையது. தெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்பதை மட்டும் நினைவில் வை. பேசிப் பழகியதற்கு யார் சான்று கொடுப்பார்கள்? கட்டணத்தை நான் அனுப்பிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

ரொம்பப் பேசிவிட்டேனோ? மனதில் வைத்துக்கொள்ளாதே, செல்லம். வந்து சில மாதத்துக்குள் வேற்று மொழியில் வாடகை பேசி வீடு பிடித்திருக்கிறாயே, நம் வீட்டில் வேறு யார் செய்திருக்கிறார்கள்? அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நீ எப்படிப் பேசினாலும் எங்களுக்குத் தங்கம்தான். வேளைக்குச் சாப்பிடு, குளிருக்கு நல்லதாக ஒரு கோட்டு வாங்கிக்கொள், ஞாயிறு தவறாமல் கூப்பிடு.

என்றும் உன் நலம் நாடும்,
மாமா