வாசல் விளக்கு 'ஆஃப்லைன்' என்கிறதா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவருக்காக வாசலில் ஸ்மார்ட் பல்பு மாட்டியிருக்கிறீர்கள். போனில் தட்டினால் எரியவில்லை. புதுப் பல்பு வாங்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. முதலில் சுவர் சுவிட்சைப் பாருங்கள். வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் அணைத்திருப்பார்கள்.

2. ரவுட்டரை பீரோ பக்கத்திலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். இரும்பு சிக்னலைத் தடுக்கும்.

3. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ரவுட்டரில் தனித்தனிப் பெயர் கொடுத்து, பல்பையும் பிளக்கையும் 2.4-இல் சேருங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் சாதனங்களுக்கு 5 பிடிக்காது. அதோடு, சுவர் தாண்டிப் போவதில் 2.4-தான் கெட்டி. என்னைக் கேட்டால், நேரமில்லாதவர்கள் இது ஒன்றைச் செய்தாலே போதும்.

4. ரவுட்டரில் 2.4-இன் சேனலை 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. பக்கத்து குவார்ட்டர்ஸ் ரவுட்டரின் தொல்லை குறையும்.

5. ஜிக்பீ ஹப் இருந்தால் ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் பேசுபவை.

6. ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். மின்சாரம் எடுக்கும் ஊர்தான். ஆனாலும் மழைக்காற்றில் கம்பிமேல் கிளை விழாதா என்ன? கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் ரவுட்டர் மீண்டும் எழச் சில நிமிடம் ஆகும்.

எல்லாம் சரியானாலும், வாசலில் ஒரு சாதா பல்பும் இருக்கட்டும்.